முதல் விளி

ஐந்து பெட்டிகளை விளித்தால் ஆறு பதில் வந்தது.

பெமிலா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். கோட்டாறு, வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம், அப்புறம் இந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும் பெட்டி. ஐந்துக்கும் நேரே பச்சை. அவற்றுக்குக் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக, ஆறாவதாக ஒரு பச்சை.

மதியத்திலிருந்தே இருட்டிக்கொண்டு பெய்த ஐப்பசி மழையில் அந்தி எப்போது வந்ததென்றே தெரியவில்லை. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. இன்வெர்ட்டரில் ஒற்றை பல்பு மட்டும் எரிய, நாற்காலி முதுகுகளில் காயப்போட்ட துணியின் புளித்த ஈர வாடையும், அடுப்பில் வேகும் சிறுபயறின் மணமும், பின்பக்க வயலில் முட்டி நின்ற வெள்ளத்தின் சேற்று நாற்றமும் ஒன்றாகக் கலந்து ஹாலை நிறைத்திருந்தன. சாப்பாட்டு மேசைக்கு அடியில் சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மகள் அபினா படம் வரைந்துகொண்டிருந்தாள். முன்பல் விழுந்த இடைவெளியில் நாக்கை நீட்டிக்கொண்டு, விரலெல்லாம் நீலச் சாயம். மழை விடுமுறை வந்தால் அந்தப் பிள்ளைக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஜெஃப்ரினின் கம்பெனி பெரிய கம்பெனி ஒன்றுமில்லை. மாவட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரேயையும் ஸ்கேன் படங்களையும் தொலைந்துபோகாமல் சேமித்துவைப்பதுதான் பிழைப்பு. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் ஒரே இடியில் எல்லாம் போய்விடும். அதனால் ஊர் ஊராகக் கணினிப் பெட்டி வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகளை மூன்று பெட்டிகளில் போட்டிருந்தார்கள். ஒரு பெட்டி செத்தால், மற்ற இரண்டைப் பார்த்து மூன்றாவது பிரதி வேறெங்காவது தானாக உண்டாகிவிடும். செத்ததென்று நினைத்த பெட்டி உயிரோடு திரும்பிவந்தால் பிரதி நான்காகும்; அப்போது கூடுதலான ஒன்றை நீக்க வேண்டும். எதை நீக்குவது? "பழசை," என்று எழுதிவைத்திருந்தாள் பெமிலா. புதிது இப்போதுதான் சரிபார்த்து எழுதியது, பழசு எப்போது கெடும் என்று யார் கண்டது? அசல் எது, அக்கா என்று ஜெஃப்ரின் ஒருநாள் கேட்டதற்கு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அசல் என்று தனியாக ஒன்று கிடையாது, மூன்றும் ஒன்றுதான்.

இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற காவல் என்ற மென்பொருளை எழுதுவதுதான் அவளுடைய வேலை. பழைய காவலுக்கு வட்டு நிரம்பியதா, பெட்டி சூடானதா என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அவள் கட்டிய புதிய காவலோ எப்படி வேண்டுமானாலும் வளையும். சூட்டை அளக்கும் கருவியை மாட்டலாம், ஈரத்தை அளக்கும் கருவியை மாட்டலாம், காற்றாடி கெடுவதற்கு முன்னால் சத்தம் மாறுமே, அதைக் கேட்க ஒரு சின்ன மைக்கையும் மாட்டலாம். புதிய பெட்டி தானே வந்து சேர்ந்துகொள்ளலாம். எதைக் காக்க வேண்டும் என்பதையும் பெட்டியே சொல்லலாம். போதாததற்கு, காவல் ஒரே இடத்தில் ஓடவில்லை. எல்லாப் பெட்டிகளிலும் ஓடியது. ஒன்றை அணைத்தாலும் மற்றவை வேலையைத் தொடரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

காவல் ஒவ்வொரு பெட்டியையும் ஓயாமல் விளித்துக்கொண்டே இருக்கும். இருக்கிறாயா? இருக்கிறேன். அவ்வளவுதான். போன வெள்ளத்தில் ஆற்றோடு போய்விட்ட திருவட்டாறு பெட்டியைக்கூட அது இன்னும் விளித்துக்கொண்டுதான் இருந்தது, திரும்பி வந்தாலும் வரும் என்று பெமிலா அதன் பெயரை எடுக்காமல் விட்டிருந்தாள். வெளியிலிருந்து வருகிற எதையும் சேர்த்துக்கொள்வதற்கு முன் மூன்று முறை விளித்து மூன்றுக்கும் பதில் வாங்க வேண்டும் என்று ஒரு விதியும் போட்டிருந்தாள். அதற்கு "மூணு விளி" என்றே பெயர் வைத்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலில் பாட்டுக்குழுவில் நிற்கிற குடும்பம்தான். அதற்காக அந்தி நேரத்தில் வாசலில் யாரோ பெயர் சொல்லி விளித்தால் முதல் விளிக்கே ஏன் என்று கேட்டுவிடுவார்களா என்ன? மூன்றாவது விளி வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். மனிதன் மூன்று தரம் விளிப்பான். மற்றதுக்கு ஒன்றுதான் முடியும்.

ஆனால் இந்த மழையில் லைன் போவதும் வருவதுமாக இருந்தது. இடி இடிக்கும்போதெல்லாம் நல்ல பெட்டிகளே ஒரு விளிக்குப் பதில் சொல்லி அடுத்ததுக்குச் சொல்லாமல் வெளியே போய் நின்றன. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஜெஃப்ரினை வறுத்தெடுத்தார்கள். "அக்கா, உங்களுக்க மூணு விளியைத் தூக்கி ஆத்துல போடுங்க," என்று அவன் காலையில் போனில் கத்தினான். மதியம் சோறு பொங்குவதற்கு முன் அவள் மூன்றை ஒன்றாக மாற்றினாள்.

இப்போது ஆறு.

அவள் ஜெஃப்ரினை அழைத்தாள். "மக்கா, எங்கயாவது புதுசா பெட்டி மாட்டினியா?"

"நானா? நான் கோட்டாறு கடையை விட்டே எறங்கல்ல. தெருவுல முட்டளவு வெள்ளம். என்னக்கா?"

"ஆறு பதில் வருது."

"கொள்ளாமே, ஒண்ணு ஓசி!" அவன் சிரித்தான். "அந்தத் திருவட்டாறு பெட்டியா இருக்கும். எவனாவது கண்டெடுத்துக் கரண்ட் குடுத்திருப்பான். எல்லாத்துக்கும் தாங்கும்னு நீங்கதானே பண்ணினிய. நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க பாக்க வரும்பம் எல்லாம் பச்சையா நின்னா நமக்கு நல்லதுதான், கேட்டியளா?"

அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. ஆறாவதின் கணக்கைத் திறந்து பார்த்தாள். ஈரம்: நிறைவு. அதற்கு மேல் போக இடமில்லை. காற்றாடி: இல்லை. சூடு மட்டும் இதமான சூடு, தலையணைக்கு அடியில் கையை விட்டால் இருக்குமே, அந்த அளவு. மைக்: உண்டு.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

முதலில் தண்ணீர். படிக்கல்லில் தண்ணீர் வந்து வந்து மோதும் சத்தம். அதற்குப் பின்னால், வெகு தூரத்தில் என்பதுபோல, ஒரு குக்கர் விசில் அடித்தது. பெமிலா புருவத்தைச் சுருக்கினாள். அவள் அடுப்பில் இருந்த குக்கர் சற்று முன்னால்தான் விசிலடித்து ஓய்ந்திருந்தது. யார் வீட்டில்தான் குக்கர் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். நாற்காலி வழக்கம்போலக் கிறீச்சிட்டது. கொஞ்சம் பொறுத்து, ஹெட்ஃபோனுக்குள், தண்ணீருக்கு அப்பால், அதே நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள்.

"என்னம்மா?"

பெமிலா துள்ளி எழுந்தே விட்டாள். மேசைக்கு அடியிலிருந்து அபி தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மக்ளே?"

"விளிச்சல்லா?"

"நான் விளிக்கல்லியே."

"விளிச்சே. படிக்குக் கீழேருந்து அபீன்னு விளிச்சே. நான் உடனே என்னம்மான்னு கேட்டேன்." பிள்ளை பெருமையாகச் சொன்னாள்.

ஒரே விளியில் பதில் சொல்லப் பழக்கியவள் பெமிலாதான். போன கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், கோட்டாறு கடைத்தெருக் கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளையை நெஞ்சு வெடிக்கத் தேடி, கடைசியில் ஒரு வளையல் கடை வாசலில் கண்டுபிடித்தபோது, இத்தனை விளி விளித்தும் ஏன் பேசவில்லை என்று கேட்டு அடித்தே விட்டாள். கணவன் விபின் துபாயிலிருந்து போனில் திட்டியும் அவள் விடவில்லை. அம்மா விளித்தால் முதல் விளிக்கே பதில் வர வேண்டும். அந்தியில் மட்டும் அது வேண்டாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது, பிள்ளை தொலைந்தால் உங்கள் மூணு விளியா தேடித் தரும் என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரே பிள்ளை. அவளுக்கென்று கையெட்டும் தூரத்தில் இருப்பது அந்த ஒன்றுதான்.

"இங்க அம்மாக்க பக்கத்துல வந்து இரு," என்றாள். அபி நோட்டையும் சாயப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு வரி சிவந்து நின்றது.

அபினா. பிரதிகள்: 1. தேவை: 3.

அட, போன மாதம் இருமலுக்கு எடுத்த எக்ஸ்ரே. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில்தானே எடுத்தது, அங்கிருந்து வந்திருக்கும். ஒரே பிரதி! பெமிலாவுக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, எரிச்சல்தான். ஒற்றைப் பிரதியாக எதையும் விட்டுவைப்பது அவளால் தாங்க முடியாத விஷயம். நாளைக்கே ஒரு வட்டு போனால் என்ன ஆவது? பிரதி எடுக்கவா என்று கேட்டிருந்தது. வேலைப் பழக்கத்தில் விரல் தானாகப் போய் எடு என்று அழுத்தியது. அழுத்திய பிறகுதான் அந்த வரியில் படத்தின் வகையோ ஆஸ்பத்திரியின் பெயரோ இல்லை என்பதைக் கவனித்தாள். இருப்பிடம் என்ற இடத்தில் வீடு என்று போட்டிருந்தது. கேட்டது யார் என்ற இடம் வெறுமை.

அவள் திருவட்டாறுக்கு அழைத்தாள். அங்கே ஆற்றங்கரையில் பெட்டி வைத்திருந்த கிளினிக்குக்குக் காவல் இருந்தவர் சுயம்பு.

"ஆரு?"

"சுயம்பண்ணே, நான் பெமிலா. பெட்டிக் கம்பெனில இருந்து. அந்தப் பெட்டியை யாராவது எடுத்தாவளா?"

"எங்க எடுக்க மோளே? ஆத்துக்க அடியிலயாக்கும் கெடக்கு. வெள்ளம் வத்தினப்பம் பாத்தேன், குளிக்கிற கடவுக்குத் தாழ ஆழமான கயத்துல போய் விழுந்துட்டு. அந்த ஆழத்துல ஆரு எறங்குவா?"

"அதுக்கிட்டேர்ந்து பதில் வருது, அண்ணே."

 அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க அதை விளிச்சியளா?"

"மெஷின் விளிக்கும். ராவும் பகலும் எல்லாத்தையும் விளிக்கும், அதுக்க வேலையே அதுதான்."

"அய்யோ, என்ன வேலை மோளே செஞ்சிய! அந்தக் கயத்துக்க பக்கத்துல அந்திக்கு நாங்க ஒருத்தருக்க பேரையும் சொல்லி விளிக்கமாட்டோம். பிள்ளையளை விளிக்கணும்னா கைதட்டித்தான் விளிப்போம். பேரு சொன்னா அங்கேருந்து பதில் வரும், பாத்துக்கோ. ஒரே ஒரு பதில். பின்ன..." அவர் நிறுத்தினார். "அது செரி, உனக்க பின்னால எந்தப் பிள்ளை பாடுது?"

பெமிலா குனிந்து பார்த்தாள். அபி வாயை மூடிக்கொண்டு வாழைமரத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரும் பாடல்லியே அண்ணே."

"பாடுது மோளே. எனக்கு நல்லா கேக்குது."

லைன் அறுந்தது. அதன் பிறகு அவளுக்கும் கேட்டது. அடுக்களையில், குழாயடிப் பக்கம், ஒரு பிள்ளை மூக்கால் மெல்ல முனகிப் பாடியது. கோயிலின் ஓய்வுநாள் பள்ளியில் போன வாரம் கற்றுக்கொடுத்த பாட்டு, அபி எப்போதும் சுதி தப்பும் அதே இடத்தில் சுதி தப்பியது.  அபி தலையைத் தூக்கி அடுக்களையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். சாயத் தூரிகையைப் பைய கீழே வைத்தாள்.

"அம்மா, அது நானா?" என்று கேட்டாள்.

பிரதிகள்: 2.

பெமிலா பிள்ளையை வாரித் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கண்ணாடிச் சாமான்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் அடுக்களையில் கேட்டது. யாரோ எட்டி மேல்தட்டில் பிஸ்கட் டின்னைத் தேடுவதுபோல. அபி அப்படித்தான் தேடுவாள். எழுந்து போய்ப் பார்த்தால் ஒன்றுமிருக்காது, எலியாக இருக்கும், பெருச்சாளி வெள்ளத்துக்குப் பயந்து ஏறியிருக்கும். எழுந்து போ என்று தன்னையே வைதாள். அபியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மேலே, வீட்டுக்காரர்கள் பூட்டிப்போட்டுவிட்டுப் போன மாடி அறையில், ஓடும் சத்தம். சின்னக் கால்கள். இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரை, திரும்பி மறுபடி.

பிரதிகள்: 3. தேவை: 3.

வரியின் சிவப்பு மாறி, நல்ல இளம்பச்சையானது. அந்தப் பச்சையை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று.

அவள் அந்த வரியை அழிக்கப் பார்த்தாள். காவலில் உள்ளதை ஒருவர் மட்டும் அழிக்க முடியாது, இன்னொருவரும் சம்மதிக்க வேண்டும் என்றது. அதுவும் அவள் போட்ட விதிதான், கைத்தவறுக்குப் பயந்து. ஜெஃப்ரினை அழைத்தாள், மணி அடிக்கவே இல்லை. விபினை அழைத்தாள். ஒன்றும் இல்லை. திருவட்டாறின் பெயரை எடுத்தாள், மூணு விளியைத் திருப்பிப் போட்டாள். உள்ளே வந்துவிட்டதை விளி கேட்டு யார் வெளியே அனுப்புவது? பச்சை அசையவில்லை.

"அம்மா, போவோம்," என்று அபி அழத் தொடங்கினாள். "எனக்குப் பேடியா இருக்கு. வெளிய போவோம்."

போகலாம். வெள்ளமாவது மண்ணாவது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டு வரை நடந்துவிடலாம். போனையும் மடிக்கணினியையும் ஒரு கையால் அள்ளிக்கொண்டு, மறுகையால் அபியை அணைத்துக்கொண்டு நடையில் கால் வைத்தாள். மாடிப்படிக்கு அடியில் பெட்டியின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் இந்தப் பெட்டி வழியாகத்தானே கேட்கிறது! இதன் காதில்தானே வீட்டுச் சத்தமெல்லாம் விழுகிறது! அவள் பக்கத்தில் இருந்த இன்வெர்ட்டரின் சுவிட்சை முழங்கையால் ஓங்கித் தட்டினாள்.

ஹாலின் பல்பு அணைந்தது. பெட்டியின் முனகல் இறங்கி இறங்கி நின்றது.

மழை மட்டும். கையில் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும்.

வீடு: பதில் இல்லை.

அபினா. பிரதிகள்: 2. தேவை: 3.

பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மாறியது. செத்த பெட்டிக்குப் பதில் இன்னொரு பிரதி. எத்தனை அழகாக, எத்தனை சீக்கிரமாக வேலை செய்கிறது!

பிரதிகள்: 3.

வாசல் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளுக்கும் கீழே, சின்னக் கை எட்டுகிற உயரத்தில்.

"அம்மா, கதவைத் தொற. நனையுதேன்."

அபியின் குரல். அபி இடுப்பில் இருந்தாள். பெமிலாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். பெமிலா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

"பேசாதே மக்ளே. ஆரு விளிச்சாலும் பேசாதே. நான் விளிச்சாலும் பேசாதே." காதுக்குள் சொன்னாள். அபி தலையாட்டினாள். சூடான மூச்சு உள்ளங்கையில் பட்டது.

இருட்டில், படிக்கு அடியிலிருந்து, ஒரு பெண் விளித்தாள்.

"அபீ."

பெமிலாவின் குரல். சமையல் வேலைக்கு நடுவே கோபம் பாதி கொஞ்சல் பாதியாக அவள் விளிக்கும் அதே இழுப்பு. மடியில் பிள்ளையின் உடம்பு துடித்தது; பழக்கிய பழக்கம். பெமிலா வாயை இன்னும் அழுத்திப் பொத்தினாள்.

"என்னம்மா?" என்றது அடுக்களை.

"என்னம்மா?" என்றது மாடி.

"என்னம்மா?" என்றது வாசல்.

இரண்டாவது விளி வரவில்லை. அவள் காத்திருந்தாள். வரவே இல்லை.

கர்த்தாவே. கர்த்தாவே. வேறு ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. கரண்ட் வரட்டும். வெளிச்சம் வந்தால் போதும். வெளிச்சம் வந்தால் எல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விடும். கரண்ட் மட்டும் வரட்டும்.

கரண்ட் வந்தது.

டியூப்லைட் இரண்டு தரம் கண்ணடித்து எரிந்தது. ஃபிரிட்ஜ் உறுமியது. அடுத்த தெருவில் எங்கோ டி.வி. சத்தம்கூடக் கேட்டது. "தோத்திரம் ஆண்டவரே," என்று வாய்விட்டுச் சொல்லி, அபியின் உச்சியை முகர்ந்து முத்தமிட்டாள். எண்ணெயும் வேர்வையும் சாயமும் கலந்த அந்த வாடை. பல் விழுந்த வாயிலிருந்து வந்த மூச்சு. நீல விரல்கள் அவள் நைட்டியைப் பற்றியிருந்தன. என் பிள்ளை. என் கையில் இருக்கிறாள்.

படிக்கு அடியில் காற்றாடி சுழலத் தொடங்கியது.

இன்வெர்ட்டரைத்தான் அணைத்திருந்தாள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கவில்லை.

வீடு: பச்சை.

அபினா. பிரதிகள்: 4. தேவை: 3.

"வேண்டாம்," என்றாள் பெமிலா.

கூடுதலானது நீக்கப்படுகிறது. மிகப் பழையது.

"வேண்டாம், வேண்டாம், அது இல்ல! அது இல்ல!" மடிக்கணினியைத் தூக்கித் தரையில் அறைந்தாள். திரை நொறுங்கியது. மறுபடி அறைந்தாள். காவல் கோட்டாறில் ஓடியது. வடசேரியில் ஓடியது. தக்கலையில், மார்த்தாண்டத்தில், கயத்துக்கு அடியில் ஓடியது. ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும்.

உள்ளங்கையில் மூச்சு பட்டது.

பட்டது.

மடி லேசானது. நைட்டியைப் பற்றியிருந்த விரல்கள் விட்டன. விடவில்லை, இல்லாமல் போயின. பொத்திய கை அப்படியே வளைந்து நின்றது. உள்ளங்கையில் கொஞ்சம் எச்சில் ஈரம். நைட்டியில் நீலச் சாயம். அவ்வளவுதான் இருந்தது.

அடுக்களைப் பக்கம் ஈரக்கால் சத்தம். படியில் ஈரக்கால் சத்தம். வாசல் தாழ்ப்பாள் தானாக விலகியது.

டியூப்லைட் வெளிச்சத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒரே உயரம். ஒரே சட்டை. ஒரே நீல விரல்கள். மூன்று வாயிலும் அதே பல் இல்லை. மூன்று தலையிலிருந்தும் ஆற்று நீர் சொட்டியது.

பெமிலாவின் வாய் அவளைக் கேட்காமல் திறந்தது. நெஞ்சு வெடிக்க, கோட்டாறு கடைத்தெருவில் விளித்ததுபோலவே விளித்தாள்.

"அபீ..."

முதல் விளிக்கே, மூன்று பேரும் ஒன்றாக, "என்னம்மா?" என்றார்கள்.